சீட்டின் மூலையில் ஒரு கையெழுத்து

டாரட் சீட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். சீட்டில் எதிர்காலம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் ஒரு கட்சி. எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் மற்றது. ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சிக்காரர்களும் ஒற்றுமை. சீட்டில் வரைந்திருக்கும் படத்தை இருவருமே பார்ப்பதில்லை. முன்னவர்களுக்குப் படம் ஒரு ரகசியத்தின் மேலுறை. பின்னவர்களுக்கு ஒரு மோசடியின் விளம்பரப் பலகை. கவிதையைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சிலும் இதே இரண்டு கட்சிகள் உண்டு. கவிதைக்குள் என்ன தத்துவம் ஒளிந்திருக்கிறது என்று தோண்டுகிறவர்கள். தத்துவம் சரியில்லை என்று கவிதையைத் தள்ளுகிறவர்கள். ஆகவே ஜோசியத்தில் அக்கறை இல்லாதவர்களுக்கும் டாரட்டின் சரித்திரம் பிரயோசனப்படும் என்று நினைக்கிறேன்.

கேள்வி இதுதான். 1909ல் லண்டனில் ஒரு சீட்டுக்கட்டு அச்சாயிற்று. அந்தச் சீட்டுகளின் பூர்வீகம் பற்றிச் சொல்லப்பட்டுவந்த கதைகள் பொய் என்று பின்னால் நிரூபணமாயிற்று. கட்டு மட்டும் நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் விற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின் வந்த எண்ணற்ற கட்டுகள் அதைப் பார்த்து வரைந்தவை. கொள்கை செத்த பிறகு படம் எப்படிப் பிழைத்திருக்கிறது?

முதலில் பூர்வீகம். சீட்டு விளையாட்டு ஐரோப்பாவுக்கு வந்தது பதினான்காம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், எகிப்தின் மம்லூக்குகளிடமிருந்து. 1377ல் ஃப்ளாரன்ஸ் நகரம் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டிருக்கிறது. இஸ்தான்புல்லின் டோப்காப்பி அரண்மனையில் இருக்கும் மம்லூக் கட்டு ஒன்றைப் பற்றி எல். ஏ. மேயர் என்ற அறிஞர் 1939ல் எழுதினார். அதில் நான்கு ரகங்கள்: கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை. போலோ ஆடியறியாத இத்தாலியர்கள் மட்டையை வெறும் கோலாக்கிக்கொண்டார்கள். பிற்காலத்து மந்திரவாதிகள் சிருஷ்டி சக்தியின் குறியீடு என்று பக்கம் பக்கமாக வியாக்கியானம் செய்த கோல் இதுதான். அர்த்தம் தொலைந்த இடத்தில் ஆழமான அர்த்தம் முளைப்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த நான்கு ரகக் கட்டோடு படங்கள் வரைந்த இருபத்திரண்டு சீட்டுகளைத் துருப்பாகச் சேர்த்தது வட இத்தாலி. 1440ல் இந்தச் சீட்டுகளுக்கு 'ட்ரியோன்ஃபி' என்ற பெயர் பதிவாகியிருக்கிறது. வெற்றி ஊர்வலங்கள் என்று பொருள். ஒரு துருப்பு தனக்குக் கீழே உள்ளதை வெட்டும். காதலை மரணம் வெட்டும். மிலானின் விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா பிரபு வம்சத்துக்காக ஏறத்தாழ 1450ல் பொன் தகட்டின்மேல் வரைந்த கட்டு, பொனிஃபாச்சியோ பெம்போ என்ற ஓவியருடையதாகக் கருதப்படுகிறது. 78 சீட்டுகளில் 74 மிஞ்சியிருக்கின்றன. சில நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில், மற்றவை பெர்காமோவில். சாத்தானும் கோபுரமும் தொலைந்த நான்கில் சேர்த்தி. இது ஆடுவதற்கான சீட்டு. இதை வைத்து யாரும் குறி பார்த்ததாகத் தகவல் இல்லை.

அந்தக் கட்டில் ஒரு காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதன் ஒருவன் உண்டு. அக்கால இத்தாலியில் துரோகிகளை இப்படி வரைந்து பொதுச் சுவரில் அவமானப்படுத்துவது வழக்கம். ஸ்ஃபோர்ஸா வம்சத்தின் மூலபுருஷன் முட்சியோ அட்டெண்டோலோவையே 1412ல் எதிர்ப்போப் ஒருவர் இப்படி வரைந்து ரோமாபுரியின் வாயில்களில் மாட்டச் செய்திருக்கிறார். அவருடைய மகன் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா காலத்துச் சீட்டில் அதே கோலத்தில் ஒருவன் தொங்குகிறான். சீட்டைக் கையில் வாங்கிய ஒவ்வொருவனுக்கும் இந்தப் படம் என்ன என்று தெரியும். அது குறியீடு அல்ல; தெருவில் கண்ட காட்சி.

பிறகு சீட்டு ஆல்ப்ஸைத் தாண்டி ஃபிரான்சுக்குப் போயிற்று. பொன்னும் வர்ணமும் போய் மரக்கட்டை அச்சும் தகடு வெட்டித் தடவிய சாயமும் வந்தன. நீலம், சிவப்பு, மஞ்சள். 1760ல் நிக்கோலா கான்வெர் மார்சேயில் செதுக்கியது இந்த மரபின் பிரசித்தமான கட்டு. அச்சுத் தொழிலாளி முந்திய கட்டையைப் பார்த்து அடுத்த கட்டையைச் செதுக்கினான். பிரதிக்குப் பிரதி விவரம் நழுவியது. இத்தாலியத் தெருவை அறியாத ஃபிரெஞ்சுக்காரனுக்குத் தொங்கும் மனிதன் வெறும் விசித்திரம். பெண் போப் இன்னொரு விசித்திரம். பதிமூன்றாம் சீட்டில் அரிவாள் வீசும் எலும்புக்கூட்டுக்குப் பெயர்கூட இல்லை.

இப்படி அறிமுகம் அற்றுப்போன படங்கள்தான் 1781ல் கூர் த ஜெபெலின் என்ற பாரிஸ் பண்டிதரின் கண்ணில் பட்டன. பார்த்த மாத்திரத்தில் இது பண்டை எகிப்தியரின் ஞான நூல், அழிவிலிருந்து தப்பச் சூதாட்ட வேஷம் போட்டிருக்கிறது என்று அறிவித்தார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822ல். ஆக, எகிப்திய மொழியில் ஒரு வரி படிக்க ஒருவருமில்லாத காலத்துத் தீர்மானம் இது. நான்கு வருஷத்தில் எத்தெய்யா என்று தன் பெயரைத் தலைகீழாகப் போட்டுக்கொண்ட அலியெத், டாரட்டை வைத்துக் குறி சொல்லும் முறையைப் புத்தகமாக்கினார். 1850களில் எலிஃபாஸ் லெவி இருபத்திரண்டு துருப்புகளை ஹீப்ரு மொழியின் இருபத்திரண்டு எழுத்துகளோடு பொருத்தினார். எண்ணிக்கை ஒத்துப்போனதே அத்தாட்சி.

இந்தக் கட்டுமானம் முழுவதையும் ஆதாரத்தோடு கலைத்தவர் மைக்கேல் டம்மெட். ஆக்ஸ்ஃபோர்டில் தர்க்கமும் மொழித் தத்துவமும் எழுதிய அதே டம்மெட்தான். 1980ல் வந்த அவருடைய பெரிய நூலின் தலைப்பே டாரட் ஒரு விளையாட்டு என்று சொல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முன் டாரட்டுக்கு மந்திரத்தோடு சம்பந்தம் இருந்ததாக நம்பத்தக்க சான்று கிடையாது என்பது அவர் முடிவு. சரித்திரக் கேள்வி அதோடு தீர்ந்தது. படத்தைப் பற்றிய கேள்வி அங்கேதான் ஆரம்பமாகிறது.

1888ல் லண்டனில் தோன்றிய 'கோல்டன் டான்' என்ற ரகசியச் சங்கத்தில் யேட்ஸ் அங்கத்தினர் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆர்தர் எட்வர்ட் வெய்ட் 1891லும் பாமெலா கோல்மன் ஸ்மித் 1901லும் சேர்ந்தார்கள். வெய்ட் நூல் நிலையத்து மனிதர். ஸ்மித் வேறு ரகம். 1878ல் லண்டனில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். பால்யத்தில் சில வருஷங்கள் ஜமைக்காவில். நியூயார்க்கின் ப்ராட் கலாசாலையில் ஆர்தர் வெஸ்லி டவ் என்ற ஆசிரியரிடம் படித்தார். கோடு, இருள்-ஒளிப் பரப்பு, வர்ணம் என்று ஜப்பானிய அச்சுப்படத்திலிருந்து இலக்கணம் வகுத்தவர் டவ். பட்டம் வாங்காமலே வெளியே வந்த ஸ்மித், ஹென்றி இர்விங்கும் எல்லன் டெர்ரியும் நடித்த லைசியம் நாடகக் குழுவோடு சுற்றினார். ஜமைக்கா நாடோடிக் கதைகளை 1899ல் படங்களோடு நூலாக்கினார்.

நம் வட்டத்துக்கு நெருக்கமான சங்கதி ஒன்று. 1903-04ல் ஸ்மித் ஒரு சிற்றேடு நடத்தினார். 'தி கிரீன் ஷீஃப்'. யேட்ஸும் சிஞ்சும் எழுதினார்கள். படங்களுக்குக் கையாலேயே வர்ணம் பூசினார்கள். பதிமூன்று இதழோடு நின்றுபோயிற்று. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

1907ல் நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் தன்னுடைய '291' கூடத்தில் புகைப்படம் அல்லாத கலைக்கு முதன்முதலாக இடம் தந்தபோது, மாட்டியது ஸ்மித்தின் சித்திரங்களை. ரோதானும் மத்தீஸும் அந்தச் சுவருக்கு வந்தது அடுத்த வருஷம். ஆனால் நவீன ஓவியத்தின் சரித்திரம் அந்தச் சுவரிலிருந்து ஸ்மித்தை நெடுங்காலம் அழித்துவைத்திருந்தது.

1909ல் வெய்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் சில மாதங்களில் கட்டு முழுவதையும் ஸ்மித் வரைந்து முடித்தார். நவம்பரில் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை, கைக்கு வந்த பணம் மிகச் சொற்பம் என்று தெரிவித்திருக்கிறார். டிசம்பரில் வில்லியம் ரைடர் என்ற பிரசுராலயம் வெளியிட்டது. வங்கியில் வரவும் பற்றும் பார்த்துப் பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, இந்த இடத்தைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை. விற்பனையில் பங்கு கிடையாது. கட்டுக்கு ஏற்பட்ட பெயர் 'ரைடர்-வெய்ட்'. ஒன்று பிரசுரகர்த்தரின் பெயர், இன்னொன்று யோசனை சொன்னவரின் பெயர்.

வெய்ட் 1938ல் எழுதிய சுயசரிதையில், பெண் குரு, மூடன், தொங்கும் மனிதன் ஆகிய மூன்று சீட்டுகளுக்கும் ஸ்மித்துக்குக் கரண்டியால் ஊட்டிவிட வேண்டியிருந்தது என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. அவருடைய அக்கறை எங்கே இருந்தது என்பதை இது காட்டிவிடுகிறது. மூன்றும் துருப்புகள். மிச்சம் 56 சீட்டுகளைப் பற்றி வெய்ட்டின் நூல் தருவது படத்தின் சுருக்கமான வர்ணனையும் பழைய குறிநூல்களின் பலன் பட்டியலும்தான். மார்சேய் மரபில் இவற்றில் எண் சீட்டுகளுக்குப் படமே கிடையாது. எட்டுக் கிண்ணம் என்றால் எட்டுக் கிண்ணங்களை அடுக்கியிருக்கும், நம் சீட்டுக்கட்டின் எட்டு ஆட்டினைப் போல. ஊட்டுகிறவர் கரண்டியைக் கீழே வைத்த இந்த இடத்தில்தான் ஸ்மித்தின் கை விடுதலை பெற்றது. இன்று இந்தக் கட்டை மற்றக் கட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த எண் சீட்டுகள்.

முன்னோடியே இல்லாமல் இல்லை. 1491ஐ ஒட்டிச் செப்புத்தகட்டில் செதுக்கிய ஸோலா-புஸ்கா கட்டில் எல்லாச் சீட்டிலும் உருவங்கள் உண்டு. 1907ல் அதன் புகைப்படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. மூன்று வாள் துளைத்த இருதயம் அங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகப்பட இடமில்லை. அங்கே கத்தை வாளைச் சுமந்தவன் இங்கே பத்துக் கோலைச் சுமக்கிறான். ஆனால் சில சீட்டுகளோடு அந்தக் கடன் தீர்ந்துவிடுகிறது.

இனி, படங்கள். பல சீட்டுகளில் உருவத்துக்குப் பின்னால் படுக்கையாக ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு முன்னால் வெறுமையான தரை. பின்னால் கோட்டையோ குன்றோ கடலோ, தொங்கவிட்ட திரையைப் போல. லைசியம் மேடையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்த கண் இது. உருவத்தைச் சுற்றிக் கருப்புக் கோடு. உள்ளே நிழல் இல்லாத தட்டை வர்ணம். இதில் டவ்வின் பாடம் தெரிகிறது. மலிவான கல் அச்சிலும் சிதையாத கோடு.

எட்டுக் கிண்ணம்: கிண்ணங்கள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. மேல் அடுக்கில் ஒன்று குறைகிற மாதிரி ஓர் இடைவெளி. சிவப்பு அங்கி போட்டவன் கோலூன்றி மலைப்பக்கம் போகிறான். முதுகுதான் தெரிகிறது. மேலே நிலவு குனிந்து பார்க்கிறது. ஆறு வாள்: படகோட்டி நின்றபடி படகைத் தள்ளுகிறான். போர்த்திய பெண்ணும் ஒரு குழந்தையும் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறார்கள், நமக்கு முதுகைக் காட்டி. படகின் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அமைதியான நீர். ஒன்பது வாள்: இருட்டில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடியிருக்கும் ஓர் உருவம். ஐந்து நாணயம்: பனியில் வெறுங்காலுடன் ஒருத்தி, கட்டை ஊன்றி ஒருவன், மேலே விளக்கெரியும் வர்ணக் கண்ணாடி ஜன்னல். ஜன்னல் இருக்கிறது. கதவை ஸ்மித் வரையவில்லை.

முகங்கள் மறைந்திருக்கின்றன. முதுகு திரும்பியிருக்கிறது, கை மூடியிருக்கிறது, கண் கட்டியிருக்கிறது, சுமையில் தலை புதைந்திருக்கிறது. முகம் இருந்தால் அது யாரோ ஒருவருடைய துக்கம். முகம் இல்லாதபோது பார்க்கிறவன் தன் முகத்தை அங்கே வைக்கிறான். இரண்டாவது, ஒவ்வொரு படமும் ஒரு காரியத்தின் நடு. கிளம்பிவிட்டான், போய்ச் சேரவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டாள், விடியவில்லை. முன்னும் பின்னும் படத்தில் இல்லை. பார்க்கிறவனே இட்டு நிரப்ப வேண்டும். குறி சொல்கிறவர்களின் சாமர்த்தியம் என்று நாம் நினைப்பதில் பாதி, நாடகம் பார்த்துப் பழகிய ஒரு சித்திரக்காரரின் கணிப்பு.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். எதை வேண்டுமானாலும் ஏற்கிற படம் வெற்றுப் படம்தானே, மைக்கறையில்கூட மனிதன் தன் மனத்தைப் பார்க்கிறானே என்று. மைக்கறை எதையும் மறுப்பதில்லை. ஐந்து நாணயம் மறுக்கும். அதைப் பார்த்து யாரும் கல்யாணம் என்று சொல்ல முடியாது. பனியும் ஜன்னலும் ஊன்றுகட்டையும் திட்டமாக இருக்கின்றன. உள்ளே இருப்பவர்கள் இரக்கமற்றவர்களா, வெளியே இருப்பவர்கள் தட்டாமல் போகிறார்களா என்பது மட்டுமே திறந்திருக்கிறது. திட்டமான பொருள்களுக்கு நடுவே ஒரே ஓர் இடத்தைத் திறந்துவைப்பது, நல்ல கவிதை செய்கிற காரியம். எல்லாவற்றையும் திறந்துவைப்பது சோம்பல். இந்த வித்தியாசத்தைப் புதுக்கவிதை எழுதுகிறவர்கள் யோசிப்பது நல்லது.

மறுகோடியில் இருப்பது கிரௌலியின் கட்டு. 1938க்கும் 1943க்கும் இடையில் ஃபிரீடா ஹாரிஸ் வரைந்து, இருவரும் இறந்த பிறகு 1969ல் வெளிவந்தது. ஹாரிஸின் கைத்திறன் பெரிது. ஆனால் அங்கே கொள்கை எந்த மூலையையும் சும்மா விடவில்லை. எண் சீட்டுகளில் மனிதர்கள் இல்லை. கீழே துக்கம், நாசம் என்று தலைப்பு அச்சிட்டிருக்கிறது. அந்தச் சீட்டுகளை வியக்கலாம். உள்ளே போய் நிற்க இடம் இல்லை.

இனி எலியட். 'தி வேஸ்ட் லேண்ட்' 1922ல் வந்தது. அதில் மேடம் ஸோஸோஸ்ட்ரிஸ் சீட்டை விரிக்கும் பகுதி நம் எல்லோருக்கும் பரிச்சயம். டாரட் கட்டின் சரியான அமைப்பு தனக்குத் தெரியாது, சௌகரியத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன் என்று எலியட்டே குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். மூழ்கிய ஃபினீஷிய மாலுமி எந்தக் கட்டிலும் இல்லை. ஆனால் மூன்று கோலுடைய மனிதனை, டாரட் கட்டில் மெய்யாகவே உள்ளவன் என்று சொல்லி மீனவ அரசனோடு சேர்க்கிறார். எந்தக் கட்டில்? மார்சேய் மரபில் மூன்று கோல் என்பது குறுக்கே கிடக்கும் மூன்று கோல்கள், மனிதன் கிடையாது. மனிதனை அங்கே நிறுத்தியவர் ஸ்மித். நட்ட மூன்று கோல்களுக்கு நடுவே, ஒன்றைப் பிடித்தபடி, நமக்கு முதுகு காட்டி, உயரத்திலிருந்து கடலில் போகும் கப்பல்களைப் பார்த்து நிற்கிறான். எலியட் சீட்டையே பார்த்திருக்கலாம், அல்லது அந்தப் படங்களை அச்சிட்ட வெய்ட்டின் நூலைப் பார்த்திருக்கலாம். இரண்டிலும் அவர் கண்ட மனிதன் ஸ்மித்தின் கை நிறுத்திய மனிதன்.

அந்தக் குறிப்புகளை வைத்து ஃப்ரேசருக்கும் ஜெஸ்ஸி வெஸ்டனுக்கும் ஆராய்ச்சியாளர்கள் பட்ட கடன் கொஞ்சமல்ல. டாரட் வந்தால் வெய்ட்டைச் சொல்வார்கள். கோட்டைப் போட்டவரின் பெயர் வெகுகாலம் யார் வாயிலும் வரவில்லை. நூல் எழுதியவனிடமிருந்து கவிஞன் பெற்றால் அது பாதிப்பு. படம் வரைந்தவரிடமிருந்து பெற்றால் அது தற்செயல் என்று ஒரு வழக்கம் விமர்சனத்தில் இருக்கிறது. கருத்து எழுத்தில்தான் பிறக்கும் என்ற படிப்பாளியின் அகம்பாவம் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கொள்கையில்லாமல் டாரட்டைப் பயன்படுத்த முடியும் என்று செய்து காட்டியவர் இடாலோ கால்வினோ. பேச்சிழந்த பிரயாணிகள் சீட்டை அடுக்கித் தங்கள் கதையைச் சொல்லும் நூல் 1973ல் வந்தது. முதல் பகுதிக்குப் பெம்போவின் சீட்டுகள், அடுத்ததற்கு மார்சேய்ச் சீட்டுகள். ஒரே சீட்டு பக்கத்துச் சீட்டைப் பொறுத்து வேறு வேறு கதையாகிறது. ஸ்மித்தின் கட்டை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதில் ஒவ்வொரு சீட்டும் ஏற்கெனவே பாதி கதை என்பதால், அவருடைய யந்திரத்துக்கு அது ஒத்துவந்திருக்காது என்று தோன்றுகிறது.

ஸ்மித் 1911ல் கத்தோலிக்கராக மதம் மாறினார். பிறகு கார்ன்வாலுக்குப் போய்விட்டார். 1951 செப்டம்பரில் ப்யூட் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். கடன் இருந்தது. உடைமைகளை ஏலம் போட்டார்கள். புதைத்த இடத்தில் பெயர்க்கல் இல்லை. சீட்டுகளின் மூலச் சித்திரங்களும் காணாமற் போய்விட்டன. 1970களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனி கட்டை மறுபடி அச்சிட்டுப் பெருவாரியாக விற்றது. நூற்றாண்டையொட்டி 2009ல் அதே கம்பெனி வெளியிட்ட பதிப்பில்தான் ஸ்மித்தின் பெயர் வெய்ட்டின் பெயருக்கு முன்னால் ஏறியது. ஆசிரியர் இறந்து எழுபது வருஷம் என்ற பிரிட்டிஷ் சட்டக் கணக்குப்படி 2021 முடிவில் சித்திரங்களின் உரிமை தீர்ந்தது. உரிமை உயிரோடு இருந்த காலமெல்லாம் அதன் பலன் வேறு கணக்கில் வரவாகியிருக்கிறது.

கட்டை எடுத்து விரித்தால் ஏறக்குறைய எல்லாச் சீட்டின் மூலையிலும் ஒரு சின்னச் சுருள் தெரியும். பி, சி, எஸ் என்ற மூன்று எழுத்தையும் கொடிபோலப் பின்னிய கையெழுத்து. பெட்டியின்மேல் பெயர் இல்லாத வருஷங்களிலும் அது அங்கேயே அச்சாகிவந்திருக்கிறது. ரகசியத்தைத் தேடிச் சீட்டை உற்றுப் பார்த்த லட்சக்கணக்கானவர்கள் அதையும் பார்த்திருப்பார்கள். எந்த நூலிலும் அதற்குப் பலன் எழுதவில்லை என்பதால் விட்டுவிட்டார்கள்.